வாழைப்பழம் வாங்கிய நல்ல பெயர்

ஐந்து வயதில் என் மகன் சாப்பிட்டவை: இட்லி, தயிர் சோறு, பால், ஒரு குறிப்பிட்ட பிஸ்கட், உளுந்து அப்பளம். இட்லியின் விளிம்பு உடைந்திருக்கக் கூடாது. தயிர் சோற்றில் கடுகு கண்ணில் படக் கூடாது. பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் பாக்கெட்டின் நிறத்தை மாற்றியபோது, உள்ளே இருப்பது அதே பிஸ்கட்தான் என்று அவனை நம்பவைக்க எங்களால் முடியவில்லை. காய், கீரை, பழம் எதையும் தொட மாட்டான். பால் மட்டும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போகும்.

அவனுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டது. ஆட்டிசக் குழந்தைகளில் நிறையப் பேர் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்பது தெரிய இன்னும் கொஞ்சக் காலம் ஆனது. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் பற்றிய முதல் விரிவான பதிவுகளில் ஒன்று. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே சாப்பாடு சிக்கலாக இருந்ததை அவர் அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

எங்களை அலைக்கழித்தது அவன் சாப்பிடாதது அல்ல, சாப்பிட்டது வெளியே வராதது. வாரத்துக்கு ஒருமுறை போனால் பெரிய காரியம். கதவுக்குப் பின்னால் போய் நுனிக்காலில் நின்றுகொண்டு முகம் சிவக்க அடக்குவான். வலி வந்தால் சொல்ல வார்த்தை கிடையாது. மணிக்கட்டைக் கடிப்பான். கடித்துக் கடித்து அந்த இடம் காய்ப்புக் காய்த்திருந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வீடு முழுக்க ஓடுவான். இதெல்லாம் ஆட்டிசத்தின் குணங்கள் என்றே நாங்களும் நினைத்தோம், சொல்லிக்கொடுக்க வந்தவர்களும் நினைத்தார்கள்.

பாளையங்கோட்டையில் வீடு. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், என் கணவர் மின்வாரியத்தில். அத்தையும் எங்களோடுதான். சைவக் குடும்பம், முட்டைகூட வாசல் தாண்டி உள்ளே வந்தது கிடையாது.

தெரபி சென்டரில் பிள்ளைகள் உள்ளே இருக்கும் முக்கால் மணி நேரம் அம்மாக்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். எந்த டாக்டரும் சொல்லாத செய்திகள் அந்தப் பெஞ்சில்தான் கிடைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு, எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பிறகு அனுப்பிவிடுவார்கள், எந்த முடிவெட்டுக் கடையில் பொறுமையாக வெட்டுவார்கள். அங்கேதான் நாகர்கோவிலிலிருந்து வரும் ஓர் அம்மா கேட்டார், "டயட் ஆரம்பிச்சாச்சா?"

கோதுமையையும் பாலையும் நிறுத்துவது பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். அவர் சொன்னது அதற்கும் மேலே. "அது மட்டும் நிறுத்தினா பத்தாது. குடலை ஆத்தணும். குடல் ஆறினா மூளை தெளியும்." அடுத்த வாரம் ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் கட்டு என் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் வாழும், ரஷ்யாவில் மருத்துவம் படித்த நடாஷா கேம்பெல்-மெக்பிரைடு 2004இல் வெளியிட்ட புத்தகம் அது. அவர் அந்த உணவுமுறைக்கு வைத்த பெயரைச் சுருக்கி 'கேப்ஸ் டயட்' என்பார்கள்.

குடலில் கெட்ட கிருமிகள் பெருகிக் குடற்சுவரை ஓட்டையாக்கிவிடுகின்றன, சரியாகச் செரிக்காத உணவு ரத்தத்தில் கசிந்து மூளையைக் குழப்புகிறது, கிருமிகளுக்குத் தீனி போடும் மாவுச்சத்தை நிறுத்திக் குடலை ஆற்றினால் பிள்ளை மீள்வான் என்பது அதன் வாதம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, சோளம் என எந்தத் தானியமும் கூடாது. உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெல்லம், பாக்கெட் பால் கூடாது. முதல் கட்டமாக இறைச்சியும் எலும்பும் வேகவைத்த சாறு, அதில் வெந்த காய், வீட்டில் புளிக்கவைத்த உணவு. அப்புறம் படிப்படியாக மற்றவை. தொடக்கத்தில் மட்டும் ஆறு படிகள்.

இது அந்த அம்மையார் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர், சீலியாக் நோயால் வயிறு ஊதி மெலிந்துபோன குழந்தைகளுக்கு 1924இல் வாழைப்பழ வைத்தியம் எழுதினார். ரொட்டியும் உருளைக்கிழங்கும் கிடையாது, நிறைய வாழைப்பழம். பிள்ளைகள் தேறினார்கள். 1950களில் எலைன் காட்ஷால் என்ற தாய், பெருங்குடல் புண்ணால் தவித்த மகளை அதே ஹாஸிடம் கூட்டிப்போனார். மகள் தேறினாள். அம்மா பிற்காலத்தில் உயிர்வேதியியல் படித்து, அந்த உணவுமுறையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் கேப்ஸ். மெக்பிரைடின் மகனுக்கும் ஆட்டிசம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஜெயித்த ஓர் அம்மா இருக்கிறாள். நம்மால் தள்ள முடியாத சாட்சி அதுதான்.

எங்கள் குழந்தைநல மருத்துவரிடம் ஜெராக்ஸைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஆட்டிசத்துக்கு இது மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் வேண்டாம்னா நீங்க எனக்குத் தெரியாமச் செய்வீங்க. அதுக்கு, சொல்லிட்டே செய்யுங்க."

நிபந்தனைகள் போட்டார். கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் ரத்தப் பரிசோதனை எடுத்தாக வேண்டும், நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். அதோடு ரத்த அணு, இரும்புச்சத்து, வைட்டமின் டி. ஒவ்வொரு வாரமும் அவருடைய தராசிலேயே எடை. எடை இறங்கினால் அன்றோடு டயட்டுக்கு முடிவு. பால் போவதால் கால்சியம் மருந்து. மலச்சிக்கலுக்குத் தினமும் இரவு ஒரு பொடி, தண்ணீரில் கலந்து, நிறுத்தாமல். காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் கால் தரையில் படும்படி கழிப்பறையில் உட்கார வைக்க வேண்டும். "இதையெல்லாம் செய்வேன்னா, அதையும் செஞ்சு பாருங்க."

சீலியாக் இல்லை என்று வந்தது. ரத்தம் மட்டும் குறைவு. ஒரு லிட்டர் பால் குடிக்கிற பிள்ளைக்கு வேறு எதற்கும் வயிற்றில் இடமிருக்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு என்றார்.

இனி எலும்புச் சாறு. சைவ வீட்டில் இதை எப்படிச் செய்வது என்று அந்த இங்கிலாந்துப் புத்தகத்தில் இல்லை. அத்தையிடம் சொல்ல ஒரு வாரம் தைரியம் வரவில்லை. கடைசியில் என் கணவர்தான் சொன்னார். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைக்கு மருந்துன்னா சாமி ஒண்ணும் சொல்லாது. எனக்குத்தான் அந்த வாடை ஆகாது. பின்னால வச்சுக்கோங்க" என்றார்கள். பின்பக்கத் தாழ்வாரத்தில் தனி அடுப்பு, தனிக் குக்கர், தனிக் கரண்டி. அவர் மேலப்பாளையம் போய் ஆட்டெலும்பு வாங்கி, வயர் கூடைக்குள் செய்தித்தாள் சுற்றிக் கொண்டுவருவார். எப்படி வெட்டித் தரச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. கடைக்காரர் பாயே "சூப்புக்கா? நெஞ்செலும்பு போடுதேன்" என்று உதவியிருக்கிறார். குக்கர் விசில் வரும்போதெல்லாம் அத்தை பட்டாசலுக்குப் போய் உட்கார்ந்து தேவாரம் படிப்பார்கள்.

தயிரை 24 மணி நேரம் உறையவிடச் சொல்லியிருந்தது, அப்போதுதான் பாலில் உள்ள சர்க்கரை முழுதும் தீரும் என்று. இங்கிலாந்துக் குளிருக்கு அதைச் சூடாக வைத்திருக்கத் தனி மின்கருவி வேண்டும். இங்கே சித்திரை வெயிலில் மதியத்துக்குள்ளேயே தயிர் பல் கூசப் புளித்துவிடும். அடுத்த நாள் காலை அதன் பக்கத்தில்கூட முகத்தைக் கொண்டுபோக முடியாது. இட்லிக்குப் பதிலாகப் பாதாம் மாவில் ஏதோ செய்யச் சொல்லியிருந்தது. எங்கள் மாத மளிகைச் செலவில் பாதியைப் பாதாமே விழுங்கியது. நாம் தலைமுறை தலைமுறையாகப் புளிக்கவைத்துச் சாப்பிடும் இட்லி மாவும் பழைய சோறும் அந்தப் புத்தகப்படி ஆகாது, அவற்றில் தானியம் இருக்கிறது. எங்கோ ஊறப்போட்ட முட்டைக்கோஸ் தண்ணீர் ஆகும்.

"சோறு இல்லாம ஒரு பிள்ளையை எப்படி வளக்கது?" என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. குடல், கிருமி, கசிவு என்று ஜெராக்ஸில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அவன் திங்கணும்லா?" என்றார்கள்.

அவன் தின்னவில்லை. சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். காய் கிடந்த தட்டைத் தள்ளினான். 'பசித்தால் தானாகச் சாப்பிடுவான்' என்று எல்லோரும் சொல்வார்கள். பசி என்ற உணர்வே சரியாகப் பிடிபடாத பிள்ளைகளிடமும், புது மணத்தைக் கண்டாலே நடுங்கும் பிள்ளைகளிடமும் அந்த வாக்கு செல்லாது. அவன் இட்லித் தட்டு இருக்கும் அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றான். மணிக்கட்டில் பழைய காய்ப்பின் மேல் புதுப் புண் வந்தது.

பெஞ்சில் சொன்னேன். நாகர்கோவில் அம்மா சந்தோஷப்பட்டார். "அது நல்ல அறிகுறி. கெட்ட கிருமியெல்லாம் சாகுது, அதான் இப்படி. இன்னும் கெட்டியாப் பிடிங்க." புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அன்று இரவு என் கணவர் கணக்குப் பார்க்கிற தொனியில் கேட்டார்: "பிள்ளை நல்லா இருந்தா டயட் வேலை செய்யுது. மோசமானாலும் டயட் வேலை செய்யுது. வேலை செய்யலைன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்க?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஜெராக்ஸில் எங்கும் பதில் இல்லை.

தராசு பதில் சொன்னது. எடை இறங்கியிருந்தது. மருத்துவர் சொன்னபடியே, "இன்னைக்கே இட்லியைக் குடுங்க. அவன் சாப்பிடுற பொருளை எடுக்காதீங்க. புதுசைப் பக்கத்துல வைங்க, அவ்வளவுதான்" என்றார். அன்று சாயங்காலம் அவன் எட்டு இட்லி சாப்பிட்டான்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நடந்தது கேப்ஸ் அல்ல, அதன் தூரத்து உறவு. கோதுமை இல்லை, பால் இல்லை, பிஸ்கட் இல்லை, சர்க்கரை இல்லை. இட்லி உண்டு. எலும்புச் சாறு போன இடத்துக்கு அத்தை சொதியைக் கொண்டுவந்தார்கள். கல்யாண வீட்டு மறுநாள் விருந்துக்கு எங்கள் பக்கம் வைக்கும் சொதியில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் உண்டு. டயட்டுக்காக அந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள். கேரட், பீன்ஸ், முருங்கைக்காயின் சதை எல்லாவற்றையும் வேகவைத்து மசித்து, தேங்காயின் மூன்று பாலில் கலந்து, வடிகட்டி, வெள்ளை வெளேர் என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி இட்லிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஊட்டவில்லை, சாப்பிடு என்று சொல்லவும் இல்லை. தினமும் வைத்தார்கள், தினமும் எடுத்துப்போனார்கள். ஒரு நாள் அவன் விரலை முக்கி நக்கினான். ஆடி பிறப்பதற்குள் இட்லியை அதில் தோய்த்தே சாப்பிடத் தொடங்கியிருந்தான். அதற்கப்புறம் வடிகட்டியின் கண் பெரிதானது. அப்புறம் வடிகட்டியே போனது.

நான் நோட்டுப் போட்டு எழுதிவந்தேன். வங்கிப் புத்தி. என்ன சாப்பிட்டான், எப்போது போனான், எத்தனை மணிக்குத் தூங்கினான், கடித்தானா, கண்ணைப் பார்த்தானா. பக்கங்கள் நல்ல செய்தியாகவே நிறைந்தன. இரண்டு நாளைக்கு ஒருமுறை, பிறகு தினமும், சிரமமில்லாமல் போனான். இரவில் எழுவது குறைந்தது. மணிக்கட்டுப் புண் ஆறியது. தெரபி மேடம் "இப்பல்லாம் உக்காந்து செய்யுறான்" என்றார்கள். 'கோதுமை நிறுத்தியது வேலை செய்கிறது' என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். பெஞ்சில் புதிதாக வந்த அம்மாக்களுக்கு நானே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

பெருங்காய டப்பா தீர்ந்து புதியது வாங்கிய அன்று, எல்லாப் பாக்கெட்டிலும் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கத்தில் அதையும் திருப்பிப் பார்த்தேன். கூட்டுப் பெருங்காயம். சேர்மானங்களில் முதலில் இருந்தது கோதுமை மாவு. பழைய டப்பாவை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதுவேதான். நம் கடைகளில் விற்கும் பெருங்காயத் தூள் பெரும்பாலும் மைதாவிலோ அரிசி மாவிலோ கோந்து சேர்த்துக் கலந்ததுதான். வாயுவுக்கு நல்லது என்று அத்தை எல்லாவற்றிலும் அதைப் போட்டுவந்தார்கள், சொதி உட்பட. ஒரு சிட்டிகைக்குள்கூடக் கோதுமை இருக்கக் கூடாது என்றுதான் டயட்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. நோட்டில் நான் எழுதிய அத்தனை நல்ல மாற்றமும் கோதுமையோடு சேர்ந்தே வந்தவை.

கணவரிடம் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டை முழுதும் படித்துவிட்டு, "நீ எழுதினது எதுவும் பொய் இல்லை. அவன் நல்லாத்தான் இருக்கான். எதுனால நல்லா இருக்கான்ங்கிறதுதான் கேள்வி" என்றார்.

அந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் ஹாஸின் கதையில் எனக்குத் தெரியாத மிச்சப் பாதி கிடைத்தது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், சீலியாக் பிள்ளைகளுக்குக் கோதுமைதான் எதிரி என்று ஏற்கெனவே சந்தேகப்பட்டிருந்தார். 1944-45 போர்க்காலப் பஞ்சக் குளிரில் அங்கே ரொட்டி கிடைக்காமல் போனது. அவருடைய சந்தேகம் வலுத்தது. 1950இல் ஆய்வேடாக அதை நிறுவினார். ஹாஸின் குழந்தைகள் தேறியது வாழைப்பழம் தின்றதால் அல்ல, அந்தப் பட்டியலில் ரொட்டி இல்லாததால். ஆனால் நல்ல பெயரை வாங்கிக்கொண்டது வாழைப்பழம். ஹாஸ் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கண்ட குணம் உண்மை, சொன்ன காரணம் தப்பு. அந்தத் தப்பான காரணத்திலிருந்து கிளைத்த உணவுமுறைதான் வேறு வேறு நோய்களுக்கு என்று நகர்ந்து என் சமையலறைவரை வந்திருந்தது.

எங்கள் வீட்டு வாழைப்பழம் எது என்று பார்த்தேன். டயட் தொடங்கிய அதே வாரம்தான் இரவுப் பொடி தொடங்கியது. அதே வாரம்தான் காலைக் கழிப்பறைப் பழக்கம். அதே வாரம்தான் ஒரு லிட்டர் பால் நின்றது. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 65 குழந்தைகளுக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயாப் பால் கொடுத்துப் பார்த்ததில் 44 பேருக்குச் சரியானதாக 1998இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது சாதாரண மலச்சிக்கல் பற்றிய ஆய்வு, ஆட்டிசம் பற்றியதே அல்ல. பிறகு சொதி, அதிலிருந்த காய், அதிலிருந்த தண்ணீர். இத்தனையில் நல்ல பெயரை வாங்கியது மட்டும் 'டயட்'.

ஓடுவதும் கடிப்பதும் குறைந்ததற்கும் ஆட்டிசம் குறைந்தது காரணமல்ல. வயிற்றில் கல்லாக அடைந்து கிடந்த வலி போய்விட்டது. வலி என்று சொல்லத் தெரியாத பிள்ளை அதைக் கையில் கடித்துச் சொல்லியிருக்கிறான். நாங்கள் எல்லோரும் அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவந்தோம். வலி நின்றதும் குடல் ஆறி மூளை தெளிந்ததாக எழுதிக்கொண்டோம்.

இந்த உணவுமுறைகளை முறையாகச் சோதித்தவர்களும் ஏறக்குறைய என் நோட்டையே பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 12 வாரச் சோதனை ஒன்று நடந்தது. எந்த வாரங்களில் கோதுமையும் பாலும் இல்லாத உணவு தரப்படுகிறது என்பது பெற்றோருக்கும் தெரியாது, அளப்பவர்களுக்கும் தெரியாது. அளவீடுகளில் வித்தியாசம் வரவில்லை. ஆனாலும் பெற்றோரில் பலர் பிள்ளையிடம் முன்னேற்றத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். ரோச்செஸ்டரில் 14 குழந்தைகளிடம் இன்னும் கவனமாகச் செய்த சோதனையிலும் தூக்கம், வயிறு, நடத்தை எதிலும் மாற்றமில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக உணவு விலக்கு முறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே வழிகாட்டியது.

குடல் கிருமி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டிசக் குழந்தைகளின் குடல் கிருமிகள் மற்றவர்களுடையவை போல இல்லை என்று படிக்கும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடும். 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 பேரின் மலத்தை ஆராய்ந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஒன்றிரண்டு வகை உணவே சாப்பிடுவதால்தான் அவர்களுடைய கிருமி வகைகளும் குறைகின்றன என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் ஏற்கெனவே ஐந்து பொருள் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து மூன்றைப் பிடுங்குவது எந்த வைத்தியம்? எலும்பின் கதையும் உண்டு. பாலை விலக்கிய ஆட்டிசச் சிறுவர்களின் எலும்பு மற்றச் சிறுவர்களைவிட மெலிந்திருந்ததை 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பழமும் காயும் அறவே இல்லாத பிள்ளைகளுக்கு, மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோய் இந்தக் காலத்தில் வந்ததையும் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன.

பெஞ்சில் இதையெல்லாம் சொன்னேன். சிலர் கேட்டார்கள். நாகர்கோவில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அப்ப என் பிள்ளைக்கு வந்த மாத்தம்?" என்றார். அவர் மகனிடம் மாற்றம் வந்தது எனக்கும் தெரியும். முன்பைவிட அமைதியாக இருந்தான். அவரை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் அடுத்த படிக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன். டயட்டோடு இது நிற்பதில்லை. மலத்தை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். ராஜஸ்தானிலிருந்து ஒட்டகப் பால் பொடி வரும். உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்ற ஊசி என்பார்கள். 2005இல் அமெரிக்காவில் அந்த உலோக ஊசி போட்டு ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான். ஒவ்வொரு படியிலும் பணம் கூடும், பிள்ளையின் உடம்புக்கு ஆபத்தும் கூடும். ஒவ்வொரு படியும் பலிக்காதபோது அம்மாதான் சரியாகச் செய்யவில்லை என்று ஆகிவிடும். டயட் பலிக்காவிட்டால் எங்கோ ஒரு சிட்டிகை கலந்துவிட்டது என்பார்கள். பெருங்காய டப்பாவைப் பற்றிச் சொன்னபோது என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

கேழ்வரகைத் திரும்பக் கொண்டுவந்தேன். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியத்தை, தானியம் என்ற ஒரே குற்றத்துக்காக ஒதுக்கிவைத்திருந்தோம். தோசை மாவில் ஒரு கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். பால் திரும்ப வந்தது, ஒரு டம்ளர் மட்டும். பின்பக்கத் தனி அடுப்பை அத்தை தன் கஷாயங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அவன் பேசத் தொடங்கியது இதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. படம் ஒட்டிய அட்டைகளைக் கையில் கொடுத்து, வேண்டியதைக் காட்டச் சொல்லிப் பழக்கிய பேச்சுப் பயிற்சியாளரின் பொறுமையில் அது வந்தது. முதலில் வந்த அட்டைகளில் ஒன்று 'வயிறு வலி'. அந்த ஓர் அட்டை அவனுக்குக் கொடுத்த நிம்மதியை எந்த உணவுமுறையும் கொடுத்திருக்க முடியாது. இப்போது அவனுக்குப் பதினான்கு வயது. ஆட்டிசம் இருக்கிறது, இருக்கும். இருபது பொருளுக்கு மேல் சாப்பிடுகிறான். பாசிப்பருப்பு போட்ட முழுச் சொதியைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறான். சொதியோடு வைக்கும் இஞ்சிப் பச்சடிதான் இன்னும் ஆகாது. அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இதைப் படிக்கும் பெற்றோரில் யாராவது இன்று இரவு இப்படி ஒரு டயட்டைத் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். நான் உங்களைத் தடுக்க எழுதவில்லை. பிள்ளைக்கு மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ நெஞ்செரிச்சலோ இருந்தால் அதை ஆட்டிசத்தின் பங்கு என்று விட்டுவிடாதீர்கள். அது வயிற்று நோய், அதற்கு மருத்துவம் இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். கோதுமையை நிறுத்தும் முன்பே சீலியாக் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். குழந்தைநல மருத்துவருக்கும் உணவியல் வல்லுநருக்கும் தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள், வாரந்தோறும் எடை பாருங்கள். ஒரே வாரத்தில் நான்கு மாற்றங்கள் செய்யாதீர்கள், செய்தால் எது பலித்தது என்று உங்களுக்கு எப்போதுமே தெரியாமல் போகும். யார் என்ன சொன்னாலும், உங்கள் பிள்ளை இன்று நம்பிச் சாப்பிடும் பொருளை அவன் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். புதியதை அதற்குப் பக்கத்தில் வையுங்கள்.